77 எம்ஜிபி ஜிடிக்குள் ரோவர் 3.5 வி8 இறக்கலாமா, பழைய 1.8ஐயே ரீபில்டு செய்யலாமா?

ரப்பர்_பம்பர்_77:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன். ஆறு வருடமாக 1977 எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வைத்திருக்கிறேன். கரும்பச்சை, ஓவர்டிரைவ் உண்டு, உடல் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. இன்ஜின்தான் களைத்துவிட்டது. கம்ப்ரஷன் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் 95 காட்டுகிறது, மற்ற மூன்றும் 150க்குப் பக்கம். மேடு ஏறும்போது பின்னால் நீலப் புகை.

எப்படியும் இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும். அதே 1.8 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினை ரீபில்டு செய்து திரும்பப் போடுவதா, ரோவர் வி8 இறக்குவதா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒருவர் ரோவர் எஸ்டி1 காரிலிருந்து கழற்றிய 3.5 இன்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தே தருவதாகச் சொல்கிறார். விலையும் நியாயமாகத்தான் படுகிறது. ஏற்கெனவே செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இன்ஜினைத் தவிர வேறு என்னென்ன மாற்ற வேண்டிவந்தது?

நான்கே_போதும்:

என் வாக்கு 1.8க்குத்தான். பி சீரிஸ் என்கிற அந்த இன்ஜின் எதையும் தாங்கும். போரை, அதாவது சிலிண்டர் துளையின் விட்டத்தை, பெரிதாக்கி 1950 சிசி ஆக்குங்கள், ஹெட்டை நல்ல கையில் கொடுத்து போர்ட் வேலை செய்யுங்கள், கொஞ்சம் நல்ல கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) போடுங்கள். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது, ஓட்டும்போது உங்களுக்குத் தெரியும். ஆக்ஸில், பிரேக், கியர்பாக்ஸ் எதையும் தொட வேண்டாம்.

ஹாரோ_கராஜ்:

நான் இறக்கியிருக்கிறேன். 1972 குரோம் பம்பர் ஜிடி. ஒன்பது மாதம், சனி ஞாயிறு எல்லாம் அதற்கே போனது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எல்லாரும் "எத்தனை குதிரைத்திறன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி. இந்த வேலைக்கு அதைவிடத் தோதான எம்ஜிபி கிடைக்காது. எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்று 2,591 வண்டிகள் செய்தது. வி8 உட்காருவதற்காக இன்ஜின் அறையின் பக்கத் தகடுகளைத் திருத்தினார்கள். ரப்பர் பம்பர் வந்த பிறகு நாலு சிலிண்டர் வண்டிகளுக்கும் அதே உடல்தான். 77 மாடலில் ரேடியேட்டரையும் முன்னால் தள்ளி, மின்விசிறி வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த இரண்டு வசதியும் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போகிற இடத்தில் பக்கத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இடம் பண்ணினேன்.

அடுத்தது எடை. வி8 என்றதும் முன்பக்கம் பாறை வைத்தது போல ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள். இந்த இன்ஜின் பிளாக், ஹெட் எல்லாமே அலுமினியம். உங்கள் வார்ப்பிரும்பு நாலு சிலிண்டரைவிட இதன் எடை ஏறத்தாழ 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, குறைவு என்றுதான் கணக்கு. ஐந்து கியர் பாக்ஸ், பெரிய ரேடியேட்டர் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. இது ப்யூக் 1961இல் கொண்டுவந்து 1963இல் கைவிட்ட இன்ஜின். 1965இல் ரோவர் உரிமையை வாங்கி, 1967இல் பி5பி காரில் போட்டது. அதன் சகோதரனான ஓல்ட்ஸ்மொபில் பிளாக்கை அடிப்படையாக வைத்துச் செய்த ரெப்கோ இன்ஜினில்தான் ஜாக் பிராபம் 1966 ஃபார்முலா ஒன் பட்டம் ஜெயித்தார்.

இனி, இன்ஜின் தவிர மற்றவை. இங்கேதான் பணமும் நேரமும் போகும்.

ஆக்ஸில். உங்களுடையது 3.909 விகிதம். அது மெலிந்த இன்ஜினுக்காக வைத்தது. டாப் கியரில் 70 மைல் போனால் 3,900 சுற்றுக்குப் பக்கத்தில் கத்தும். தொழிற்சாலை வி8க்கு 3.071 போட்டார்கள், ஓவர்டிரைவில் அதே 70 மைலுக்கு ஏறத்தாழ 2,500 சுற்றுதான். எஸ்டி1 பாக்ஸின் ஐந்தாவது கியர் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனாலும் 3.909இல் விட்டால் முதல் கியர் போட்டு கிளட்சை விட்ட உடனே இரண்டாவது கேட்கும். ஆக்ஸிலுக்குள் இருக்கிற கிரவுன் வீல், பினியன் பற்சக்கரங்களை மாற்றியே தீர வேண்டும்.

பிரேக். தொழிற்சாலை வி8க்குத் தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் கொடுத்தது. அந்த அளவுக்காவது போங்கள்.

வீல். கம்பிச் சக்கரம் வைத்திருந்தால் மறந்துவிடுங்கள். தொழிற்சாலை வி8க்குக் கம்பிச் சக்கரம் தரவே இல்லை. அலாய் நடுப்பகுதியும் எஃகு ரிம்மும் சேர்ந்த டன்லப் வீல்தான் வந்தது.

ஸ்டீயரிங் தண்டு வலது பக்க மேனிஃபோல்டை ஒட்டிப் போகும். வலது பக்கம் ஓட்டுகிற நம் வண்டிகளில் ஒரு விரல் நுழையும் இடைவெளி கிடைத்தாலே பெரிது. அங்கே வெப்பத் தடுப்பு போடாமல் விடக் கூடாது.

கடைசியாக பானெட். உயரமான இன்டேக் மேனிஃபோல்டு போட்டால் பானெட் மூடாது. 1970களின் ஆரம்பத்தில் இந்த மாற்றத்தைத் தொழிலாகவே செய்த கென் கோஸ்டெல்லோ பானெட்டில் மேடு வைத்தார். தொழிற்சாலை, இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் பின்னுக்குத் தள்ளி வைக்கிற மாதிரி தனி மேனிஃபோல்டு செய்து, பழைய பானெட்டையே மூடிக் காட்டியது. நான் என்ன செய்தேன் என்றால், குழந்தைகள் விளையாடுகிற பிளாஸ்டிசீன் களியை நாலு உருண்டை பிடித்து ஏர் கிளீனர் மேல் வைத்தேன். பானெட்டை மெல்ல இறக்கி, பூட்டு விழும் வரை அழுத்தி, திரும்பத் திறந்தேன். மூன்று உருண்டை கட்டைவிரல் தடிமனில் இருந்தது. நாலாவது அப்பளம் மாதிரி ஆகியிருந்தது, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. இன்ஜின் மவுன்ட்டில் ஆடும்போது அந்த இடம் நிச்சயம் இடிக்கும். மவுன்ட்டைக் கொஞ்சம் தாழ்த்திய பிறகுதான் சரியானது.

அம்பாசடர்_வீட்டுப்பிள்ளை:

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே எம்ஜிபி பார்த்ததுகூட இல்லை, ஆனால் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். காரணம், உங்கள் 1.8இன் தம்பி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் இருபது வருடம் நின்றது. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் அதே பிஎம்சி பி சீரிஸ்தான். இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், ஒன்றே, 88.9 மில்லிமீட்டர். போர் மட்டும் எங்களுக்கு 73, உங்களுக்கு 80.26.

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் ராக்கர் கவரைக் கழற்றி வைத்துக்கொண்டு டேப்பட் அட்ஜஸ்ட் செய்வார். நான் விசிறியைப் பிடித்து இன்ஜினைச் சுற்றிக் கொடுப்பேன். ஃபீலர் கேஜ் தகடு இழுக்கும்போது "வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருக்கணும்டா" என்பார். அந்த இன்ஜின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஆனாலும் சொல்கிறேன், 90களில் அம்பாசடருக்கு இசுசு 1.8 இன்ஜின் வந்தபோது அதை ஓட்டிப் பார்த்த எந்த டாக்ஸிக்காரரும் பழசுக்குத் திரும்பிப் போகவில்லை. பெரிய இன்ஜின் போடுவதால் வண்டியின் குணம் கெட்டுவிடும் என்பதை நான் நம்பவில்லை. குணம் கெடாமல் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஹாரோ_கராஜ்:

அப்பாவின் கையை இங்கிருந்தே பார்க்க முடிகிறது தம்பி. இன்னொன்று கவனித்தீர்களா? 3.5 வி8இன் போர் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 71.12. நாலு சிலிண்டரில் ஸ்ட்ரோக்காக இருந்த அதே மூன்றரை அங்குலம் இங்கே போராக வந்து உட்கார்ந்திருக்கிறது. நீளமாக மூச்சு விடுகிற இன்ஜினுக்கும் அகலமாக மூச்சு விடுகிற இன்ஜினுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு எண்ணிலேயே தெரியும்.

நான்கே_போதும்:

பெரிய இன்ஜின் வண்டியைக் கெடுக்காது என்கிறீர்கள். எம்ஜிசியை மறந்துவிட்டீர்களா? 1967இல் இதே உடலில் 2912 சிசி ஆறு சிலிண்டர் போட்டார்கள். 145 குதிரைத்திறன். இரண்டே வருடத்தில், 1969இல் நிறுத்திவிட்டார்கள். மூக்கு கனத்துப்போய் வளைவில் வண்டி திரும்ப மறுக்கிறது என்று அன்றைக்கே பத்திரிகைகள் எழுதின.

ஹாரோ_கராஜ்:

மறக்கவில்லை, அதைத்தான் நானும் சொல்கிறேன். எம்ஜிசி இன்ஜின் நாலு சிலிண்டரைவிட ஏறத்தாழ 95 கிலோ அதிகம். அது நுழைவதற்காக முன் சஸ்பென்ஷனையே டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கும் தண்டு) ஆக்கி, பானெட்டில் மேடு வைத்து, சக்கரத்தை 15 அங்குலம் ஆக்கினார்கள். கெடுத்தது சிசி அல்ல, இரும்பு. அதே உடலில் ஆறு வருடம் கழித்து அதைவிட 600 சிசி பெரிய இன்ஜின் போட்டார்கள், முன் ஸ்பிரிங் அமைப்பைப் புரட்டிப் போட வேண்டிய தேவையே வரவில்லை. தொழிற்சாலை வி8 137 குதிரைத்திறன்தான், எம்ஜிசியைவிடக் குறைவு. ஆனால் 193 பவுண்டு-அடி டார்க் 2,900 சுற்றிலேயே வந்துவிடும். டாப் கியரில் 30 மைலில் மிதித்தாலும் முனகாமல் இழுக்கும். இந்த மாற்றத்தின் சுகம் அதில்தான் இருக்கிறது, உச்ச வேகத்தில் அல்ல.

யாழ்_ஏ40:

வணக்கம். நான் லண்டன் லூயிஷத்தில் இருக்கிறன். ஊரில் எங்கட பெரியப்பாவிடம் ஆஸ்டின் ஏ40 சாமர்செட் கார் நின்றது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களை எப்படியெல்லாம் ஓட வைத்தார்கள் என்று உங்களில் கன பேருக்குத் தெரிந்திருக்கும். பெற்றோல் இல்லாத நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. அதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு ஒரிஜினல், ஒரிஜினல் இல்லை என்ற சண்டையில் அக்கறை இல்லை. ஓடுதா, நிக்குதா என்பதுதான் கேள்வி.

வி8 பற்றி எனக்கு ஒரு கசப்பான அனுபவம் இருக்கு. ஹாரோ அண்ணை சொன்ன பட்டியலில் குளிரூட்டல் விடுபட்டுப்போச்சு, அதை நான் சொல்லுறன்.

எட்டு வருடத்துக்கு முன் எனது 1974 ஜிடியை ஒரு பட்டறையில் கொடுத்து வி8 போடுவித்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம். எஞ்சினை வடிவாகத்தான் இருத்தினார்கள். ஆனால் நாலு சிலிண்டரின் ரேடியேட்டரையே கழுவித் திரும்பப் பூட்டி, ஒற்றை விசிறி வைத்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. மே மாதம் ஓடினபோது ஒரு குறையும் இல்லை. யூலையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், லண்டனைச் சுற்றிப் போகிற எம்25 நெடுஞ்சாலையில் டார்ட்ஃபர்ட் பக்கம் வாகனங்கள் நகரவில்லை. வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல ஏறினது. ஹீற்றரை முழுதாகத் திறந்து, யன்னல்களை இறக்கிக்கொண்டு இருந்தன். அரை மணித்தியாலத்தில் பானெட் விளிம்பால் ஆவி. ஓரமாக நிற்பாட்டி, எல்லாம் ஆறின பிறகு ஒயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் பால்தேத்தண்ணி நிறத்தில் குழம்பு அப்பியிருந்தது. ஹெட் காஸ்கட் போயிட்டுது.

அலுமினிய எஞ்சினுக்கு ஒரு முறை கொதித்தாலே போதும். ஹெட் வளைந்துவிடும். பிறகு வந்த 4.0, 4.6 பிளாக்குகளில் இன்னும் மோசம், லைனருக்கு (சிலிண்டருக்குள் இருக்கிற உறைக்கு) பின்னால் வெடிப்பு விழும். ஆகவே தம்பி, எஞ்சின் வாங்கும் முன் ரேடியேட்டர் வாங்குங்கோ. வி8க்கென்று செய்த பெரிய கோர், இரண்டு மின்விசிறி, அதுகளுக்குத் தனி ரிலே. தொழிற்சாலையே இரண்டு விசிறிதான் வைத்தது, சும்மா வைக்கவில்லை.

ரப்பர்_பம்பர்_77:

அண்ணா, மிக்க நன்றி. இதைப் படித்த பிறகு இரவு தூக்கம் வரவில்லை. இன்ஜின் வாங்கும்போது நான் என்ன பார்க்க வேண்டும்? விற்பவர் "ஓடிக்கொண்டிருந்தபோது கழற்றியது" என்கிறார்.

ஹாரோ_கராஜ்:

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ராக்கர் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே கருப்புக் களி படிந்திருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜின். அப்புறம் கையால் சுற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இந்த இன்ஜினின் தீராத நோய் கேம் தேய்வது. ஒரு வால்வு மற்றதைவிடக் குறைவாக எழும்பினால் கேம், டேப்பட் இரண்டும் புதிது போட வேண்டும். டைமிங் செயினையும் கையோடு மாற்றிவிடுங்கள், வெளியே இருக்கும்போது சுலபம்.

முன் கவர், வாட்டர் பம்ப், ஆயில் சம்ப் மூன்றும் இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும். எஸ்டி1 என்பது நல்லது. ரேஞ்ச் ரோவரிலிருந்து வந்ததை அப்படியே இறக்க முடியாது. எந்த இன்ஜினானாலும் ஆயில் ஃபில்டருக்கு அதன் இடத்தில் வழி கிடைக்காமல் போகலாம், அப்போது குழாய் போட்டுத் தள்ளி வைக்க வேண்டும். யாழ் நண்பர் சொன்ன குளிரூட்டலை நான் விட்டது தப்பு. அதை முதலாவதாக எழுதியிருக்க வேண்டும்.

காகிதவேலை:

இன்ஜினை வைத்து எல்லாரும் பேசிவிட்டீர்கள், பதிவுப் புத்தகத்தை யாரும் தொடவில்லை. இன்ஜின் எண்ணும் சிசியும் மாறினால் டிவிஎல்ஏவுக்கு (வாகனப் பதிவு அலுவலகம்) தெரிவித்து வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். இன்ஜின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் வேலை தொடங்கும் முன்பே பேசுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும்.

எம்ஓடி, அதாவது வருடாந்திர வாகனப் பரிசோதனை, விஷயம் கொஞ்சம் சிக்கல். 2018 மே முதல் 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு எம்ஓடி கட்டாயமில்லை, ஆனால் கடந்த 30 வருடத்துக்குள் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே இன்ஜினின் வேறு சிசி என்றால் பெரிய மாற்றமாக எண்ணுவதில்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் கேள்வி எழும். ஜிடிக்குத் தொழிற்சாலையே வி8 போட்டிருக்கிறது என்ற வாதம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனாலும் என் அபிப்பிராயம்: வாதாட வேண்டாம், வருடா வருடம் எம்ஓடி செய்துவிடுங்கள். இப்படி மாற்றிய வண்டியை இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லதுதான். பழுது பார்ப்பதைத் தவிர, உடலின் கட்டமைப்பை வெட்டுகிற எந்த வேலையும் செய்யாதீர்கள்.

நான்கே_போதும்:

என் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். பழைய இன்ஜினை விற்றுவிடாதீர்கள். ட்ரையம்ஃப் ஸ்டாக் கார் வைத்திருந்தவர்கள் அதன் சொந்த 3 லிட்டர் வி8 கொதிக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு இதே ரோவர் இன்ஜினை இறக்கினார்கள். இன்று ஸ்டாக் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "சொந்த இன்ஜின் இருக்கிறதா" என்றுதான். சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, போர்த்தி வையுங்கள். மவுன்ட், குழாய், திருகு எல்லாம் ஒரே பெட்டியில். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் திரும்பப் போட நினைத்தால் வழி இருக்க வேண்டும்.

ரப்பர்_பம்பர்_77:

இது நல்ல யோசனை, நிச்சயம் செய்கிறேன்.

ஹாரோ_கராஜ்:

நானும் வழிமொழிகிறேன். கேட்க மறந்த ஒன்று: உடல் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஸில்லைக் குத்திப் பார்த்தீர்களா? மோனோகாக் உடலில் சேசிஸ் என்று தனியாக எதுவும் இல்லை, கதவுக்குக் கீழே இருக்கிற அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு. டார்க்கை ஏறத்தாழ இரட்டிப்பாக்கப் போகிறீர்கள். முன் சக்கர வளைவுக்குப் பின்னால், கதவின் முன் விளிம்புக்குக் கீழே, ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள்.

ரப்பர்_பம்பர்_77:

இன்று காலை பார்த்தேன். இடது பக்கம் டங் என்று சத்தம் வந்தது, நல்ல தகடு. வலது பக்கம் பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் இருந்தது, அதன் மேல் வைத்து அழுத்தினேன். ஸ்க்ரூடிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈரமான துரு ஒரு கைப்பிடி கொட்டியது. யாரோ ஃபைபர் பசையால் மூடி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆறு வருடமாக இதன் மேல்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்.

இன்ஜினைப் போய்ப் பார்த்தேன். கவருக்குள் சுத்தமாக இருந்தது. பதினாறு வால்வில் இரண்டு மட்டும் குறைவாக எழும்புகிறது, அதைச் சொல்லி விலை குறைத்து வாங்கிவிட்டேன். இப்போது கராஜ் மூலையில் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. ஆனால் இந்த வருடம் அதைத் தொடப் போவதில்லை. முதலில் இரண்டு பக்க ஸில்லும், அப்புறம் ரேடியேட்டரும் ஆக்ஸிலும், கடைசியில் இன்ஜின்.

யாழ்_ஏ40:

அதுதான் சரியான வரிசை தம்பி. ஒன்று மட்டும் கேளுங்கோ, ஸில்லை வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்ட் பண்ணி முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கோ. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்ட விடாதேங்கோ. ஒரு பக்கம் முடிந்ததும் முட்டுக் குழாயைக் கழற்றிக் கதவை மாட்டி மூடிப் பாருங்கோ. சுற்றிவர இடைவெளி ஒரே அளவில் இருந்தால் மட்டும் மற்றப் பக்கம் போகலாம். வெல்டிங் நடக்கிற நாளில் நானும் வாறன், லூயிஷத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம்தானே.